மேனேஜருக்கு ஆகாத சாப்பாடு

மோட்டார்க்காரர் என்று சொன்னால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். தண்ணீர் இறைக்கிற மோட்டார், மாவு அரைக்கிற மோட்டார், மின்விசிறி, மிக்ஸி, எது வந்தாலும் தட்ட மாட்டார். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரே ஒரு கதவு. கதவுக்கு இந்தப் பக்கம் வார்னிஷ் வாசனை, அந்தப் பக்கம் சமையல் வாசனை.

சமையல் அவர் மனைவியுடையது. ஒரு மாணவர் விடுதியின் மெஸ்ஸில் இளமை முழுவதும் கரண்டி பிடித்தவள். அங்கே படித்துவிட்டுப் போனவர்கள் வைத்த பெயர் மெஸ்ஸம்மா. அதுவே ஊர்ப் பெயராகவும் ஆகிவிட்டது. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாப்டாச்சா?" என்பதுதான். ஆச்சு என்று சொன்னால் நம்ப மாட்டாள். மின் மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆள்கூட ஒரு தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் படியிறங்க முடியும்.

அவள் வேலையை விட்டு வந்தபோது பின்னாலேயே வந்த ஒரே சொத்து ஒரு பூனை. கறுப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, பார்த்தால் கோட்டுப் போட்ட அதிகாரி போல இருக்கும். விடுதிச் சமையல்கட்டில் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லோர் வேலையையும் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர். வீட்டுக்கு வந்த பிறகும் அதன் உத்தியோகம் மாறவில்லை. அவள் நறுக்கும்போது பலகை ஓரத்தில் அது இருக்கும். அவள் கையிலிருந்து ஒரு துண்டு மீன், ஒரு கோழி நார், ஒரு சொட்டுப் பால் போய்க்கொண்டே இருக்கும். இதையெல்லாம் அவள் யோசித்துச் செய்வதில்லை. பேசிக்கொண்டே இருப்பாள், கை பாட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

மேனேஜருக்கு அரிப்பு வந்ததும், மெஸ்ஸம்மாவுக்கு மறதி வந்ததும் ஏறக்குறைய ஒரே காலம். இரண்டையும் முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூனை என்றால் சொறியத்தான் செய்யும், வயசானால் மறக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

பூனை முதலில் கழுத்தைச் சொறிந்தது. பிறகு காதுக்குப் பின்னால். பிறகு அடிவயிற்றை நக்க ஆரம்பித்து, முடியே இல்லாமல் வழித்தெடுத்துவிட்டது. முதுகைத் தடவினால் மயிருக்கு அடியில் சின்னச் சின்னப் பொருக்குகள், ரவையைக் கொட்டி வைத்தது போல, விரலில் நெருடின. மோட்டார்க்காரர் அதை ஒரு கூடையில் போட்டு மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனார். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. தெள்ளுப்பூச்சிக்குப் பிடரியில் சொட்டு மருந்து விட்டார். தோலைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். படர்தாமரையோ என்று நீல விளக்கைப் பிடித்துப் பார்த்தார். புண்ணுக்கு மாத்திரை கொடுத்தார். புண் ஆறும், ஆறின இடத்தையே பூனை மறுபடி கிழித்துக்கொள்ளும்.

சொறியாமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பை அது ஒரே நாளில் கடித்துக் குதறிவிட்டது. மோட்டார்க்காரர் கடைக்குப் போய், மோட்டாரில் கம்பிச் சுருளுக்கு அடியில் வைக்கிற கெட்டிக் காகிதத்தை வெட்டி, ஓரத்தில் துணிப்பட்டை சுற்றி, அவரே ஒரு கூம்பு செய்தார். அளவு கனகச்சிதம். மேனேஜர் அதை மாட்டிக்கொண்டு கதவிலும் மேசைக் காலிலும் முட்டி முட்டி நடந்தது.

"என்னங்க, இவனுக்கு ஏன் விளக்குக் கூடு மாட்டி வெச்சிருக்கீங்க? பாவங்க" என்று சிரித்தாள் மெஸ்ஸம்மா. அவர் காரணம் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். மறுபடியும் சொன்னார். சாயங்காலம் பார்த்தபோது கூம்பு குப்பைக் கூடையில் கிடந்தது.

எல்லா மருந்தும் தோற்ற பிறகு டாக்டரம்மா ஒரு நாள் அவரை உட்கார வைத்துப் பேசினார்.

"ஐயா, இது சாப்பாட்டால வர்ற அலர்ஜியா இருக்கும்னு எனக்குத் தோணுது. ரத்தத்துல பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரே வழிதான். இதுவரைக்கும் அது வாயில வைக்காத ஒரு இறைச்சி, அதை மட்டும் வேக வெச்சுக் குடுங்க. கூட நான் தர்ற சத்துப் பொடி. ரெண்டு மாசத்துக்கு வேற எதுவும் கூடாது."

"வாத்து சாப்பிட்டதில்ல."

"அப்ப வாத்து. ஆனா கண்டிப்பா இருக்கணும் ஐயா. பால் ஒரு நக்கு, மீன் ஒரு துணுக்கு போனாக்கூட பட்டதெல்லாம் வீண். திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும். வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் வீட்டுக்காரியும்தான்."

"சின்னப் பிள்ளைங்க இல்லையா? அப்பக் கவலை இல்ல, சுலபம்."

மோட்டார்க்காரர் தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவள் நிலைமையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மகளிடமே அதுவரை பட்டும் படாமலும்தான் சொல்லியிருந்தார். அதற்குள் மெஸ்ஸம்மா உப்பை இரண்டு தரம் போடுவது, அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பாத்திரம் வைக்க மறப்பது என்றெல்லாம் ஆகியிருந்தது. சமையல் அவர் கைக்கு மாறியிருந்தது. பரிமாறுவதை மட்டும் அவள் விட்டுக் கொடுக்கவில்லை.

வாத்து வெந்தது. மேனேஜர் மோந்து பார்த்துவிட்டு, இந்த ஏற்பாட்டுக்கு யார் அனுமதி கொடுத்தது என்பது போல அவரைப் பார்த்தது. ஆனாலும் தின்றது. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். ஆனால் கடையில் யாராவது மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினால் எழுந்து போகத்தானே வேண்டும்? திரும்பி வந்தால், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கிண்ணியில் பால் இருக்கும். கட்டிலுக்கு அடியில் கோழி எலும்பு கிடக்கும்.

"மேனேஜருக்கு மீன் குடுத்தியா?"

"நானா? நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையேங்க."

அவள் விரலில் மீன் வாசனை அடித்தது. பொய் சொல்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார். அது அந்த முகம் இல்லை.

அவர் மீன் வாங்குவதை நிறுத்தினார். அவள் தன் தட்டில் விழுந்த முட்டையைக் கொடுத்தாள். குளிர்ப்பெட்டிக்குப் பூட்டுப் போட்டார். அவள் பின்வாசலில் நின்று பக்கத்துவீட்டுத் தையல்காரரின் மனைவியிடம் ஒரு கிண்ணி பால் கேட்டு வாங்கினாள். அந்தம்மாவும் பாவம், மெஸ்ஸம்மா கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டவள், இல்லையென்று எப்படிச் சொல்வாள்? நாள் கணக்கு ஒவ்வொரு தரமும் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியது. மேனேஜரின் கழுத்திலிருந்து மறுபடி ரத்தம் வழிந்தது. அது சொறிகிறபோது பின்னங்கால் தரையில் தடதடவென்று அடிக்கும் சத்தம் கடை வரைக்கும் கேட்கும். கம்பி சுற்றிக்கொண்டிருக்கும் அவருக்குச் சுற்று எண்ணிக்கை தப்பிப் போகும். பிரித்துவிட்டு மறுபடி சுற்றுவார்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. இரண்டு வாரம் ஒழுங்காகப் போய், கழுத்துப் புண் காய ஆரம்பித்திருந்த சமயம். அவர் உள்ளே வந்தபோது மெஸ்ஸம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோழித் துண்டை மசித்து மசித்துப் பூனைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அறிவிருக்கா உனக்கு? எத்தனை தடவை சொல்றது? அதைக் கொல்றதுக்குன்னே பிறந்தியா நீ?"

அவள் நடுங்கி எழுந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்றாள்.

"தப்புதான் சார். மன்னிச்சிருங்க சார். இனிமே உங்களைக் கேட்டுட்டுத்தான் குடுப்பேன். வேலையை விட்டு மட்டும் எடுத்துராதீங்க சார்."

என்னங்க என்பதைத் தவிர வேறொரு சொல்லால் அவள் அவரை அதுவரை கூப்பிட்டதில்லை. மோட்டார்க்காரர் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். கையில் எடுத்த கம்பியை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் குரல் உயர்த்தவே இல்லை.

அந்த மழைக்காலத்தில் மெஸ்ஸம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆபரேஷன் செய்தார்கள். வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் ஓடி வந்து அம்மாவுக்குத் துணையாக வார்டிலேயே தங்கினாள். மோட்டார்க்காரர் காலையும் மாலையும் போய் வந்தார். பகலில் கடை. வீட்டில் அவரும் மேனேஜரும் மட்டும்.

வாத்தும் பொடியும் தவிர ஒரு பருக்கைகூட அதன் வாயில் போகவில்லை. போகிற வழியே இல்லை. நாள் போகப் போகச் சொறிகிற சத்தம் குறைந்தது. பொருக்குகள் உதிர்ந்தன. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நடைப்பயிற்சி தருகிற இடத்துக்கு மாறிய சமயத்தில், பூனையின் அடிவயிற்றில் புதுமயிர் வெல்வெட்டுப் போல முளைத்துவிட்டது. மேனேஜர் வெயிலில் மல்லாந்து படுத்து, கால்களை நாலு பக்கமும் போட்டுக்கொண்டு தூங்கியது. அப்படி அது தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. அதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வந்தது. கூடவே, அவள் இல்லாததால்தானே இது தேறியது என்ற நினைப்பும் வந்தது.

டாக்டரம்மா சொன்னபடி, உறுதி செய்துகொள்ள ஒரே ஒரு துண்டு மீன் கொடுத்துப் பார்த்தார். மறுநாளே பின்னங்கால் காதுக்குப் போனது. சில வாரம் விட்டுக் கோழி. அதே கதை.

"கண்டுபிடிச்சிட்டோம் ஐயா!" என்று டாக்டரம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. "மீனும் கோழியும்தான். இனி மருந்தே வேண்டாம். இந்த ரெண்டும் வாய்க்குப் போகாம பாத்துக்கிட்டா இது நல்லா வாழும்."

மோட்டார்க்காரர் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டரம்மா கேட்டுக்கொண்டே மேசை மேலிருந்த பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், "முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார்.

மெஸ்ஸம்மா கைத்தடியோடு வீடு திரும்பினாள். ஆஸ்பத்திரி அவளிடமிருந்து நிறைய எடுத்துக்கொண்டிருந்தது. மகளை யாரோ நர்ஸ் என்று நினைத்து, போகும்போது கைகூப்பி அனுப்பி வைத்தாள். மோட்டார்க்காரர் அண்ணன் ஆகிவிட்டார். "அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க." "அண்ணே, உங்க வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" கூடவே படுத்து எழுந்த மனைவி அண்ணே என்று கூப்பிடும்போது ஒரு மனுஷன் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது? அவர், "இல்லம்மா, தேட மாட்டாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஆனால் பூனை உள்ளே வந்ததும் அவள் முகம் விளக்குப் போட்டது போல ஆனது.

"வாங்க மேனேஜர் சார்! இளைச்சுட்டீங்களே! அண்ணே, இவருக்கு யாருமே தட்டு வைக்கலையா?"

வீட்டில் அவள் பெயர் சொல்லி அழைக்கிற உயிர் அது ஒன்றுதான். அதற்குப் பிறகு அவளுடைய நாள் முழுவதும் அதன் சாப்பாட்டைச் சுற்றியே நகர்ந்தது. காலையில் எழுந்து கைத்தடியை ஊன்றுவதே மேனேஜருக்குத் தட்டு வைக்கத்தான்.

மோட்டார்க்காரர் ஒரு யுக்தி செய்தார். வீட்டில் எல்லோருக்குமே வாத்துதான். அவள் எதைத் தூக்கிக் கொடுத்தாலும் அது வாத்தாகத்தானே இருக்கும்? யோசனை என்னவோ நல்ல யோசனைதான். உப்பில்லாமல், காரமில்லாமல் வெந்த வாத்தைச் சோற்றோடு தட்டில் வைத்தார். பூனைக்கும் அதே, அவளுக்கும் அதே, அவருக்கும் அதே.

மெஸ்ஸம்மா ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "யாரு சமைச்சது இதை? இதைப் பிள்ளைங்களுக்குப் போட்டா தட்டைத் தூக்கி நம்ம தலையில அடிப்பாங்க." மறுநாளும் தள்ளினாள். ஒரு மாதத்தில் அவள் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு அழுதாள்.

"அப்பா, எலும்பும் தோலுமா இருக்காங்க! அம்மாவைவிடப் பூனை பெருசாயிருச்சா உங்களுக்கு?"

"அப்படியில்லம்மா…"

"அதை யாருக்காவது குடுத்திருங்கப்பா. நான் சொல்றதைக் கேளுங்க."

கொடுத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. பூனைக்காகவா, அவளுக்காகவா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதைக் கடையில் வைத்துக்கொண்டு நடுக்கதவைச் சாத்தினார். அவளுக்கு மீனும் கோழியும் உள்ளே, பூனைக்கு வாத்து வெளியே. மேனேஜர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அடித்தொண்டையில் கத்தியது. அவள் அந்தப் பக்கம் நின்று, "யாரு உள்ள அடைச்சு வெச்சது? திறங்கண்ணே, அவர் இன்னும் சாப்பிடலை" என்று கதவைத் தட்டினாள். நடுவில் மோட்டார்க்காரர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

நாலைந்து நாள் கழித்துத் தட்டுகிற சத்தம் நின்றது. பழகிவிட்டது என்று நினைத்து அவர் நிம்மதியாக வேலை பார்த்தார். மத்தியானம் உள்ளே போனால் ஆளைக் காணோம். பின்வாசல் திறந்து கிடந்தது. தெருவில் இறங்கி ஓடினார். தையல்காரர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

மெஸ்ஸம்மா தட்டில் மீனையும் சோற்றையும் போட்டுக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, தெருமுனை வரை போயிருக்கிறாள். "மேனேஜரைப் பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். யாரோ ஒருவர், தெரிந்த விஷயத்தைச் சொல்கிற நல்ல மனசோடு, எதிரே இருந்த வங்கியைக் காட்டியிருக்கிறார். காவல்காரரும், கையில் தட்டைப் பார்த்து, மேனேஜருக்கு வீட்டுச் சாப்பாடு வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டார். கண்ணாடி அறைக்குள் இருந்த வங்கி மேனேஜர் எழுந்து நின்று, "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இல்லப்பா" என்றாள். பிறகு, வந்தது வந்தாகிவிட்டது என்பது போல, "நீ சாப்டாச்சா?" என்றாள்.

அந்த மனிதர் நல்லவர். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, காவல்காரரைத் துணைக்கு அனுப்பி, விசாரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தெரு முழுக்க அன்று இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தது. மோட்டார்க்காரரும் சிரித்தார். பிறகு உள்ளே வந்து பார்த்தார். தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்த அவள் பாதம் கொப்புளித்திருந்தது. நடுவில் எத்தனை வண்டிகள் போகிற சாலை அது!

நடுக்கதவைத் திறந்துவிட்டார்.

மறு வாரம் டாக்டரம்மாவிடம் போய், "அவ என்ன குடுத்தாலும் அது சொறியக் கூடாது. அதுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். தினமும் வாயில் ஊற்றுகிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். மேனேஜர் நுரை தள்ளி வாந்தியெடுத்தது. உடம்பு ஏற்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது ஸ்டீராய்டு ஊசி.

"இதைப் போட்டா அரிப்பு அடங்கும்" என்றார் டாக்டரம்மா. "ஆனா திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். பூனைக்குச் சர்க்கரை வியாதி வரலாம். வராமலும் போகலாம். எதால வருதுன்னு தெரியாதப்போ போட்டா பரவாயில்ல. தெரிஞ்சே, நிறுத்த முடியாம போடறோம். அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

"அவ குடுக்கறதைத் தின்னாலும் அடங்குமா?"

"பெரும்பாலும் அடங்கும்."

"போடுங்கம்மா."

அடுத்து வந்த மாதங்கள் அந்த வீட்டில் நல்லபடியாகவே இருந்தன. மேனேஜர் சொறியவில்லை. அகோரப் பசியோடு தின்றது, தொப்பை விழுந்தது. மெஸ்ஸம்மா ஆசை தீரக் கொடுத்தாள். மீனை முள் பார்த்து எடுத்து, ஆற வைத்து, நசுக்கி, தட்டு ஓரத்தில் வரிசையாக வைப்பாள். அதற்குக் கொடுக்கிற சாக்கில் தானும் இரண்டு வாய் தின்றாள். உடம்பு கொஞ்சம் தேறியது. மோட்டார்க்காரர் கதவுநிலையில் சாய்ந்து நின்று, பழுது பார்க்க வந்த ஏதாவது ஒரு பாகத்தைத் துடைத்துக்கொண்டே பார்ப்பார். ஒவ்வொரு ஊசிக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மட்டும் கால் கனக்கும். எதைக் கொடுத்து எதை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுத்த கோடையில் மேனேஜர் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. குடித்துக் குடித்துத் தீரவில்லை. அது ஒதுங்குவதற்கு வைத்த மண் தட்டு நனைந்து சேறானது. பிறகு நடை மாறியது. பின்னங்காலை விரலில் ஊன்றாமல் குதிகால் தரையில் பட, தவழ்வது போல நடந்தது. மேசைக்குத் தாவப் பார்த்துக் கீழே விழுந்து, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தது.

சர்க்கரைதான். ஸ்டீராய்டை நிறுத்தி, காலையும் மாலையும் இன்சுலின் போடச் சொன்னார் டாக்டரம்மா. அளவாகச் சாப்பாடு, நேரத்துக்கு ஊசி. எவ்வளவு தின்றது என்று தெரியாமல் போட்டால் ஆபத்து. மோட்டார்க்காரர் ஊசி போடக் கற்றுக்கொண்டார். மெல்லிய கம்பியோடு பழகிய விரல்களுக்கு அது கஷ்டமில்லை. ஆனால் அவள் கொடுத்ததைத் தின்று ஒரு நாள் சர்க்கரை எகிறியது. இன்னொரு நாள் அவள் கொடுத்தது ஒத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் கக்கிவிட்டது. அது தெரியாமல் ஊசி போட்டார். மேனேஜர் ஒருக்களித்து விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. சர்க்கரைப் பாகை விரலில் தொட்டு அதன் ஈறில் தடவித் தடவி உயிரை மீட்டார். மெஸ்ஸம்மா பக்கத்தில் நின்று, "பசிதான், வேற ஒண்ணுமில்ல, பசிதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஸ்டீராய்டு நின்றதும் அரிப்பு பழைய வேகத்தில் திரும்பியது. சர்க்கரை உடம்பில் புண் ஆறவில்லை. காதுக்குப் பின்னால் குழி விழுந்து சீழ் வைத்தது. கிட்டப் போனாலே வாடை அடித்தது. அவளுக்கு மட்டும் அடிக்கவில்லை போலிருக்கிறது. மடியில் வைத்துக்கொண்டாள்.

வலியில்லாமல் தூங்க வைத்துவிடுகிற ஊசியை டாக்டரம்மாவிடம் கேட்டது அவர்தான். டாக்டரம்மா மறுக்கவில்லை.

அன்று காலை மோட்டார்க்காரர் தன் கையால் மீன் வாங்கி வந்தார். பூனைக்கு வியாதி வந்த நாளிலிருந்து, சோதித்துப் பார்க்கக் கொடுத்த ஒரு துண்டைத் தவிர, அதற்கென்று அவர் மீன் வாங்கியது அந்த ஒரு தரம்தான். பொரித்து, ஆற வைத்து, தட்டை மெஸ்ஸம்மா கையில் கொடுத்தார்.

"இந்தாம்மா. மேனேஜருக்கு."

"குடுக்கலாமாண்ணே? திட்ட மாட்டாங்களே?"

"திட்ட மாட்டாங்க. குடு."

அவள் முள் பார்த்து எடுத்தாள். அது முழுவதையும் தின்றது. தின்றுவிட்டுக் காதைச் சொறிய ஆரம்பித்தது. அவர் அதைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தார். டாக்டரம்மாவின் மேசையில் கடைசி ஊசி ஏறும்போது அவர் உள்ளங்கை அதன் பின்னங்கால் மேல் இருந்தது. அந்தக் கால் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தார். வந்ததும் அவள் கேட்டாள்: "மேனேஜர் எங்கண்ணே?"

"லீவுல போயிருக்கார்ம்மா."

"சொல்லாம கொள்ளாமலா?" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் தட்டு வைத்தாள், கேட்டாள், அதே பதிலைச் சொன்னார். அதற்கடுத்த நாள் தட்டு வைத்தாள், கேட்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் தட்டும் வைக்கவில்லை.

அழுவாள், தேடுவாள், தெருவில் இறங்கி ஓடுவாள், எப்படிச் சமாளிப்பது என்றுதான் அவர் பயந்திருந்தார். இப்படி ஆகும் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. கடையில் கம்பி சுற்றும்போது, உள்ளேயிருந்து அந்தக் கேள்வி வராதா என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் பூனையின் கிண்ணத்தை எடுத்து அவள் நடக்கிற வழியில் வைத்தார். அவள் கைத்தடியால் அதை ஒதுக்கிவிட்டு நடந்தாள். இன்னொரு நாள் ஃபோனில் இருந்த படத்தைக் காட்டினார். கழுத்தில் புண்ணோடு மேனேஜர் அவள் மடியில் உட்கார்ந்திருக்கும் படம்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"யாரோட பூனைண்ணே இது? கழுத்தெல்லாம் புண்ணா இருக்கே. ஒரு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா இவங்க?"

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு மெஸ்ஸம்மா வீட்டுக்கு வருகிறவர்களைச் சாப்டாச்சா என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். தையல்காரர் மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே, "பசிக்குது மெஸ்ஸம்மா" என்று சொல்லிப் பார்த்தாள். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு வேளையில் மோட்டார்க்காரர் கையைக் கழுவி, விரல் இடுக்கில் ஒட்டிய வார்னிஷை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, திரும்பவும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, அவளுக்கு ஊட்டினார். மீனோ கோழியோ வாத்தோ, எது வைத்தாலும் வாயைத் திறந்தாள், மென்றாள். பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

மகள் வாராவாரம் கூப்பிடுவாள். பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

"அப்பா, அம்மா மேனேஜரைக் கேக்கறாங்களா?"

"கேக்கறா" என்றார் மோட்டார்க்காரர். "தினமும் கேக்கறா."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"லீவுல போயிருக்கார், வந்திருவார்னு சொல்றேன்."

மறுமுனையில் மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லி ஃபோனை வைத்தார். கடையில் யாரும் இல்லை. ஒரு தண்ணீர் மோட்டார் பாதி பிரித்தபடி பலகை மேல் கிடந்தது.